புதுக் கம்பி மாட்டும் வரை

சின்னாளபட்டி
28.09.2024

அன்புள்ள கனகா அக்காவுக்கு,

தம்பி முகேஷ்குமார் எழுதுவது. இங்கே நான், பானு, பாப்பா மூவரும் சுகம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் பாகற்காய்ப் பந்தல் காய்ப்புக்கு வந்துவிட்டதா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பாய். என்ன செய்ய? போனில் நீ பேசுவது பாதி விளங்குவதில்லை. எங்கள் தெருவில் டவர் சரியில்லை. நீ வேறு என்னிடமும் ஆட்டிடமும் ஒரே மூச்சில் பேசுகிறவள். வாட்ஸ்அப்பில் நான் நாலு வரி எழுதினால் நீ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். உன்னை உட்காரவைத்துப் படிக்கவைக்க இதுதான் வழி.

விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதம் பேஸ் கிட்டார் வாங்கினேன் அல்லவா? இத்தனை வருஷம் தங்கமுத்து அண்ணன் ஆர்க்கெஸ்ட்ராவில் அவருடைய கிட்டாரைத்தான் வாசித்தேன். கச்சேரி முடிந்ததும் துடைத்து, உறையில் போட்டு, அவர் கையில் கொடுத்துவிட்டு வருவேன். இப்போதுதான் எனக்கென்று ஒன்று. கடையில் இருந்ததிலேயே மலிவானது. ஆனாலும் என்னுடையது. வந்த புதிதில் கணீரென்று பேசியது. இப்போது கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவதுபோல் இருக்கிறது. 'தும்' என்று நெஞ்சில் இடிக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கூர்மை போய்விட்டது.

கம்பெனியிலிருந்து மாட்டி வந்த கம்பிதான் இன்னும் கிடக்கிறது. மலிவு கிட்டாருக்கு மட்டமான கம்பியைத்தான் போட்டு அனுப்புவார்கள், அது சீக்கிரம் செத்துப்போகும் என்று பலரும் சொல்கிறார்கள். தங்கமுத்து அண்ணன் மட்டும், "கம்பிக்கு ஒரு கேடும் இல்லடா, நல்லாத்தான் பேசுது" என்கிறார். அவருக்கு வயசாகிவிட்டது, பாவம். நீ சொல். மாற்றலாமா, இருக்கட்டுமா? நீ சொன்னால் எனக்கு ராசி.

மாமாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

உன் தம்பி,
முகேஷ்

◆

பழனியாண்டவர் துணை

பாலசமுத்திரம்
07.10.2024

முகேஷுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

நாங்கள் நல்லபடி இருக்கிறோம். மழை இரண்டு தூற்றலோடு நின்றுவிட்டது. பாகற்காய் காய்க்கிறது, விலைதான் கசக்கிறது. பாப்பாவுக்குச் சளி விட்டதா?

கிட்டாரைப் பற்றி என்னிடம் கேட்கிறாயே, எனக்கு என்னடா தெரியும்? உன் கடிதத்தை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். "ஏனு கனகு, கம்பிதானே வேணும்? பந்தலுக்குக் கட்டுனது போக ஒரு சுருள் கெடக்குதல்ல, குடுத்தனுப்பு" என்கிறார். உனக்கு வாய்த்த மாமா அப்படி.

என் புத்திக்கு எட்டியதைச் சொல்கிறேன். வாங்கி மூன்று மாதம் ஆகவில்லை. அதற்குள் கம்பி எப்படிச் சாகும்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தங்கமுத்து அண்ணன் சொல்வதைக் கேள். அவர் உன்னைவிட அதிக மேடை பார்த்தவர்.

இன்னொரு சண்டையும் பாக்கி இருக்கிறது. புரட்டாசி முதல் சனிக்கு நான் அங்கே வந்திருந்தேனே, நீ வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாய். பின்னாலிருந்து "ஏலே முகேசு, ஏலே முகேசு" என்று கத்திக் கத்தித் தொண்டை வற்றிப்போனது. திரும்பினாயா? சொந்தமாகக் கிட்டார் வாங்கியதும் அக்கா கண்ணுக்குத் தெரியவில்லையோ? எதிர்வீட்டுக்காரி சிரித்தாள். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். மில்லில் இரண்டு ஷிப்ட் பார்த்துவிட்டு அப்படியே கச்சேரிக்கு ஓடாதே.

அக்கா,
கனகா

◆

சின்னாளபட்டி
16.10.2024

அன்புள்ள அக்கா,

சுகம் என்றுதான் எழுத வேண்டும். எழுதுகிறேன். ஆனால் மனசு கொதிக்கிறது.

ஆயுத பூசையன்று நான் மில்லில் பூசை முடிந்து பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தால், அரிவாள்மணை, தையல் மெஷின், என் வண்டி எல்லாவற்றுக்கும் நடுவில் என் கிட்டார் சாய்ந்து நிற்கிறது. பானு அதை ஈரத்துணியால் துடைத்து, கட்டையில் மூன்று பட்டை விபூதி போட்டு, நாலு கம்பியிலும் வரிசையாகச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறாள். ஒரு கம்பிக்குக்கூடக் குறை வைக்கவில்லை! "உங்க ஆயுதம் இதுதானே, இதுக்கு வைக்காம எதுக்கு வைக்க?" என்று கேட்கிறாள். மூன்று நாள் கழித்துத் துடைத்தால் கம்பி முறுக்குக்குள் சந்தனம் போய்க் காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. நுனியில் துருவும் கண்டுவிட்டது.

பாதி செத்திருந்த கம்பியை முழுசாகக் கொன்றது எது என்று இப்போது தெரிந்துவிட்டது அல்லவா? கூடம் கோணல் என்று எழுதினாயே, கூடத்தைக் கோணலாக்கியது யார் என்று பார். வீட்டில் நான் அவளோடு பேசுவதில்லை. பேசினால் வாய்மீறிப் பேசிவிடுவேன்.

கம்பியை மாற்றியே ஆக வேண்டும். ஐப்பசி முகூர்த்தங்கள் முடியட்டும், மாற்றுகிறேன்.

நீ கூப்பிட்டதை நான் கவனிக்கவில்லை. வண்டி துடைக்கும் யோசனையில் இருந்தேன். அதற்குப் போய்க் கோபமா?

முகேஷ்

◆

சின்னாளபட்டி
12.11.2024

அன்புள்ள மதினிக்கு,

பானுப்ரியா வணங்கி எழுதுவது. நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். தேவதர்ஷினி தீபாவளிக்கு நீங்கள் கொடுத்தனுப்பிய பாவாடையைக் கழற்றவே மாட்டேன் என்கிறாள். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

கம்பியில் சந்தனம் வைத்தது நான்தான் மதினி. அது தப்பு என்று எனக்குத் தெரியாது. எங்கள் அப்பா வீட்டில் மண்வெட்டிக்கும் வைப்போம், மோட்டார் பம்புக்கும் வைப்போம். இவர் என்னோடு பேசி ஒரு மாதம் ஆகிறது. சாப்பாடு போட்டால் சாப்பிடுகிறார். கிட்டாரை மடியில் வைத்து ஒரே கம்பியைத் தட்டித் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்கிறார். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்க்கிறார். அந்தப் பார்வைக்கு அடித்துவிட்டாலும் தேவலை.

நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். அவர் மில்லுக்குப் போயிருந்தபோது நான் அந்தக் கம்பியைத் தட்டிப் பார்த்தேன். எனக்கு நன்றாகத்தான் கேட்டது. ஆடியில் எடுத்த வீடியோவைப் போட்டு, பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்தேன். அதே ஒலிதான். தங்கமுத்து அண்ணனிடம் ரகசியமாகக் கேட்டேன். அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு, "கம்பில ஒண்ணும் இல்லத்தா. அவனுக்குத்தான்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

ஆவணியில் ஒரு கோயில் விழாவில் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் நின்று வாசித்துவிட்டு வந்தார். காதுக்குள் வண்டு கத்துகிறது என்று இரண்டு நாள் படுத்திருந்தார். அதற்கும் முன்னால் எத்தனை வருஷமாக மில் இரைச்சல். இப்போது டிவி சத்தம் தெருமுனை வரை போகிறது. குக்கர் அடுப்பில் கத்திக்கொண்டே இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். தேவதர்ஷினி இப்போதெல்லாம் அப்பா என்று கூப்பிடுவதில்லை. நேரே போய்ச் சட்டையைப் பிடித்து இழுக்கிறாள். நாலு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது மதினி. அவருக்கு மட்டும் கம்பி செத்துவிட்டது.

நான் சொன்னால் என் குற்றத்தை மறைக்கச் சொல்கிறேன் என்பார். நீங்கள் சொன்னால் கேட்பார். டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள்.

உங்கள்
பானுப்ரியா

◆

பழனியாண்டவர் துணை

பாலசமுத்திரம்
24.11.2024

அன்புத் தம்பி முகேஷுக்கு அக்கா எழுதுவது.

நீங்கள் எல்லோரும் நல்ல சுகம்தானே? இங்கே எனக்கு ஒன்றுமில்லை. உன் மாமாவுக்குத்தான் கொஞ்சம் சரியில்லை. பயப்படும்படி ஒன்றும் இல்லை. காது கொஞ்ச நாளாக மந்தமாக இருக்கிறது என்கிறார். டிராக்டர் ஓட்டி ஓட்டி வந்திருக்கும். இந்த இரைச்சலில் வேலை செய்கிறவர்கள் எல்லோருக்கும் வருவதுதானாம், சீக்கிரம் காட்டினால் மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாமாம். பழனியில் ஒரு காது டாக்டர் இருக்கிறார். எனக்குத் தனியாக இவரைக் கூட்டிக்கொண்டு போகப் பயமாக இருக்கிறது. நீ ஒரு நாள் லீவு போட்டுத் துணைக்கு வா. அப்படியே நீயும் ஒரு தடவை காட்டிக்கொள்ளலாம். மில்லில் இருக்கிறவன்தானே, பார்த்து வைப்பதில் என்ன நஷ்டம்?

பானு பாவம். தெய்வத்துக்கு வைத்ததை உனக்கு வைத்தாள். அதற்கு ஒரு மாதமாகவா முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பாய்? அம்மா இருந்தால் உன் முதுகில் ரெண்டு வைத்திருப்பாள்.

என்றைக்கு வருகிறாய் என்று எழுது.

அக்கா,
கனகா

◆

சின்னாளபட்டி
15.12.2024

அன்புள்ள அக்கா,

நலம். மாமாவுக்குக் காது மந்தம் என்பதைப் படித்து வருத்தப்பட்டேன். நல்ல டாக்டராகப் பார்த்துக் காட்டு. எனக்கு இப்போது லீவு கிடைக்காது. மில்லில் ஆள் இல்லை.

நான் காட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை.

கம்பி மாற்ற வேண்டும் என்றுதான் இருக்கிறேன். மதுரைக் கடையில் விசாரித்தேன். நான் கேட்கிற கம்பி இப்போது இல்லையாம். மார்கழியில் கச்சேரியும் கிடையாது. தை பிறக்கட்டும், மாற்றிவிடலாம். புதுக் கம்பி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும். தங்கமுத்து அண்ணன் அவரிடம் இருக்கிற ஒரு செட்டைத் தருகிறேன் என்றார். ஒருவர் கம்பியை இன்னொருவர் மாட்டக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.

முகேஷ்

◆

பழனியாண்டவர் துணை

பாலசமுத்திரம்
08.01.2025

அன்புள்ள பானுவுக்கு,

மதினி எழுதுவது. தேவதர்ஷினிக்கு என் முத்தம். உனக்குப் பொங்கல் வேலை தலைக்குமேல் இருக்கும், இருந்தாலும் இதைத் தனியாக உட்கார்ந்து படி.

நான் கெட்டிக்காரத்தனமாக ஒரு பொய் எழுதினேன். உன் அண்ணனுக்குக் காது மந்தம் என்று. முகேஷ் வந்தால் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மனிதர் மூன்று நாள் ஒத்திகை பார்த்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் "ஏனுங் மாமா" என்று கூப்பிட்டால் மரம்போல் நிற்பது. அவர் மூன்றாம் தடவை கூப்பிட்டதும், "காது கேக்கலீங், மெதுவாச் சொல்லுங்" என்பது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது பானு. பிறகு முகேஷின் கடிதம் வந்தது. 'நான் காட்டிக்கொள்ள ஒன்றும் இல்லை' என்ற வரியைத் தனியாக எழுதியிருந்தான். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அவனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறாயே, என்று ஆரம்பித்து ஒரு பழமொழி எழுதப் போனேன். சங்கு என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். வாயைத் திறந்தால் நமக்குப் பழமொழிதான் வருகிறது, சனியன்.

எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. அவன் கம்பியை மாற்றவே மாட்டான். ஐப்பசி முடியட்டும் என்றான், தை பிறக்கட்டும் என்கிறான். தங்கமுத்து அண்ணன் சும்மா கொடுத்ததையும் வேண்டாம் என்கிறான். பழைய கம்பி இருக்கிறவரைக்கும் குற்றம் கம்பியோடு இருக்கும். உன் சந்தனத்தோடு இருக்கும். புதுக் கம்பியை மாட்டி, அதுவும் மந்தமாகக் கேட்டால் அவன் எங்கே போவான்?

இதை நினைத்து இரண்டு வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை. மாற்றாமல் விட்டால் காது இன்னும் போகும், உன் தலையில் ஏறிய பழியும் இறங்காது. மாற்றவைத்தால் என் தம்பி உடைந்துபோவான். அவனைச் சின்னதிலிருந்து தூக்கி வளர்த்தவள் நான். தகர டப்பாவில் ரப்பர் வளையத்தை மாட்டி டொய்ங் டொய்ங் என்று தெருவையே எழுப்புவான். வேறு எதிலும் அவனுக்கு ஆசை இருந்ததில்லை. இருந்தாலும் முடிவு செய்துவிட்டேன். உடைந்தால் ஒட்டவைக்கப் பார்க்கலாம், இப்படியே விட்டால் ஒன்றும் மிஞ்சாது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காயை இறக்கிவிட்டு உன் அண்ணன் திண்டுக்கல் வரை பஸ் ஏறிப் போய்க் கம்பி வாங்கி வந்திருக்கிறார். கடைக்காரர் "நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?" என்று கேட்டதற்கு முழித்துவிட்டு, நீ அனுப்பிய போட்டோவைக் காட்டினாராம். இருப்பதில் நல்லதாகப் பார்த்துக் கொடுத்திருக்கிறார். பொங்கல் சீர் கொண்டு முகேஷ் வரும்போது அவன் கையிலேயே கொடுக்கப்போகிறேன். அக்கா கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லமாட்டான். உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

உன் மதினி,
கனகா

◆

சின்னாளபட்டி
22.01.2025

அன்புள்ள அக்கா,

பொங்கல் சிறப்பாக முடிந்தது. நாங்கள் சுகம். சீர் நல்லபடி வந்து சேர்ந்ததா? நானே வரவேண்டியது. ஷிப்ட் மாற்றிக் கொடுக்கவில்லை, அதனால்தான் பானுவின் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். வருஷம் தவறாமல் வந்தவன் இந்த வருஷம் வரவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. கரும்பு கொஞ்சம் மெலிசு, மன்னித்துக்கொள்.

அதே பையில் நீ கம்பி வைத்து அனுப்பியிருந்தாய். மாமா போய் வாங்கினாராமே. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு செத்த நேரம் உட்கார்ந்திருந்தேன். நல்ல கம்பி அக்கா. என் கிட்டாருக்கு இது அதிகம். கழுதைக்குப் பட்டுக் கட்டியது மாதிரி இருக்கும்.

உடனே மாட்டவில்லை. புதுக் கம்பி மாட்டினால் இழுபட்டு இழுபட்டு நாலைந்து நாள் சுதி நிற்காது. தைப்பூசத்தை ஒட்டிக் கச்சேரிகள் வரிசையாக இருக்கின்றன. அதெல்லாம் முடியட்டும். பூசம் கழிந்து நிதானமாக மாட்டுகிறேன். பாப்பா பெட்டியைத் திறந்து விளையாடாமல் இருக்க சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

மாமாவின் காது எப்படி இருக்கிறது? டாக்டர் என்ன சொன்னார்?

முகேஷ்

◆

சின்னாளபட்டி
27.02.2025

அன்புள்ள மதினிக்கு,

பானு எழுதுவது. உங்கள் சுகத்தைக் கேட்டு எழுதக்கூடத் தோன்றவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. தங்கமுத்து அண்ணனின் குழுதான் வாசித்தது. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் நானும் பாப்பாவும் போயிருந்தோம். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது பெண்ணின் தாய்மாமன் மேடை ஏறி, சாப்பிடாதவர்கள் சாப்பிடப் போகலாம் என்று சொல்ல மைக் கேட்டார். தங்கமுத்து அண்ணன் கையைக் காட்டினார். எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். இவர் கண்ணை மூடியிருந்தார். நிறுத்தவில்லை.

தாய்மாமன் பேசப் பேச இவர் வாசித்துக்கொண்டே இருந்தார் மதினி. தனியாக. தலையை ஆட்டிக்கொண்டு. பையன்கள் விசிலடித்தார்கள். மண்டபமே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மா, "தண்ணி போட்டிருப்பான் போல" என்றார். அவர் என்னுடைய வீட்டுக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்னையே செருப்பால் அடிக்கலாம் போல் இருக்கிறது. தங்கமுத்து அண்ணன்தான் வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். இவர் கண்ணைத் திறந்து எல்லோரையும் பார்த்தார். சிரிப்பவர்களைப் பார்த்துத் தானும் கொஞ்சம் சிரித்தார்.

இறங்கி வரும்போது தங்கமுத்து அண்ணன் அவர் தோளில் கைபோட்டு, "கொஞ்ச நாளு வீட்ல இருப்பா. நான் கூப்புடுறேன்" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் காலையில் இவர் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து நீங்கள் கொடுத்த பெட்டியை எடுத்தார். பழைய கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கட்டையைத் துடைத்தார். என்னைப் பார்த்து, "வந்து உக்காரு" என்றார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நானும் பாப்பாவும் எதிரில் உட்கார்ந்தோம். புதுக் கம்பியை மாட்டி, சுதி பார்க்கிற மெஷினைக் கண்ணால் பார்த்துப் பார்த்து முறுக்கி, வீட்டில் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டியில் வயரைச் சொருகி, ஒரு தட்டு தட்டினார். கோயில் மணி மாதிரி கேட்டது. வீட்டுத் தகரம் எல்லாம் அதிர்ந்தது. தட்டிக்கொண்டே இருந்தார். முகத்தில் ஒன்றுமே வரவில்லை. பிறகு நிமிர்ந்து, "எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் மேல் இருக்கிற பழி அந்த நிமிஷமே போய்விடும். நீங்கள் அதற்குத்தானே இவ்வளவு பாடுபட்டு வாங்கி அனுப்பினீர்கள்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்து என்னால் முடியவில்லை மதினி. "இதுவும் மந்தமாத்தான் இருக்கு. கடைக்காரன் மாமாவ ஏமாத்திட்டான்" என்றேன். "நெனச்சேன்" என்றார். அன்றைக்கு ஒழுங்காகச் சாப்பிட்டார்.

உங்கள் முயற்சியை நான் கெடுத்துவிட்டேன். திட்டி எழுதுங்கள், பட்டுக்கொள்கிறேன்.

பானுப்ரியா

◆

பழனியாண்டவர் துணை

பாலசமுத்திரம்
19.03.2025

முகேஷ்,

எப்படி இருக்கிறாய்? பொங்கலுக்குப் பிறகு உனக்கு நான் அனுப்புகிற இரண்டாவது கடிதம் இது. முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. அது வந்து சேர்ந்ததா என்றாவது சொல்.

இனி நான் உன் கிட்டாரைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டேன். மாமாவின் காதைப் பற்றியும் எழுதமாட்டேன். மாமாவுக்கு ஒன்றுமில்லை. பங்குனி உத்திரத்துக்கு அங்கே வருகிறேன். அதற்குள் ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

அக்கா

◆

சின்னாளபட்டி
06.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. நீயும் மாமாவும் சுகமாக இருக்கப் பழனியாண்டவரை வேண்டுகிறேன். என் சுகத்தைப் பற்றி இந்தத் தடவை உண்மையாகவே எழுதுகிறேன்.

போன மாதம் திண்டுக்கல்லில் ஒரு காது டாக்டரிடம் தனியாகப் போய்விட்டு வந்தேன். நரம்பு செத்துவிட்டது, திரும்பாது என்று தாளில் எழுதிக் காட்டினார். மெஷின் வைத்தால் பேச்சு கொஞ்சம் விளங்குமாம். பாட்டு என்று எழுதிக் கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். மில் வேலைக்கு இடைஞ்சல் இல்லை. அங்கே யாருக்கும் காது தேவையில்லை, கை இருந்தால் போதும். தங்கமுத்து அண்ணன் வேறு ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டார். நல்லது. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

நீ ஏன் கம்பி அனுப்பினாய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும் அக்கா. மாமாவுக்குக் காது மந்தம் என்று எழுதினாயே, அப்போதே தெரியும். தோட்டத்து மூலையில் தேங்காய் விழுந்தால் வீட்டுக்குள்ளிருந்து எந்த மரம் என்று சொல்கிறவர் மாமா! புரட்டாசியில் நீ கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கத்தியதைக் கடிதத்தில் படித்தபோதே எனக்கு உள்ளுக்குள் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு பானு சந்தனம் வைத்தாள். சாமி கும்பிடுவதுபோல் அந்தச் சந்தனத்தைப் பிடித்துக்கொண்டேன். கம்பி மாட்டாமல் பெட்டிக்குள் இருந்தவரை எனக்கு ஒரு வழி பாக்கி இருந்தது. அதனால்தான் ஐப்பசி, தை, பூசம் என்று இழுத்தேன்.

மண்டபத்தில் எல்லோரும் சிரித்தபிறகு இழுக்க முடியவில்லை. மாட்டினேன். பானு உனக்கு எழுதியிருப்பாள். அவள் எழுதாத ஒன்றை நான் சொல்கிறேன். முதல் தட்டு தட்டியபோது நான் கம்பியைப் பார்க்கவில்லை, அவர்கள் இரண்டு பேரையும்தான் பார்த்தேன். பானுவின் புருவம் உயர்ந்தது. பாப்பா இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா வாங்கியது எவ்வளவு நல்ல கம்பி என்று அவர்கள் முகத்தில் தெரிந்துகொண்டேன். பிறகுதான் அவளைக் கேட்டேன். மந்தமாக இருக்கிறது என்றாள். அந்தப் பொய்கூட என் காதில் விழவில்லை. அவள் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அத்தனை மாதம் அவளை வதைத்திருக்கிறேன். அவளுக்கு வெறுத்துப்போயிருக்க வேண்டும். எனக்காகப் பொய் சொல்கிறாள். அதற்குப் பிறகும் ஒரு மாதத்துக்குமேல் ஒன்றும் தெரியாதவன்போல் இருந்தேன். அவள் அந்தப் பொய்யைச் சுமந்துகொண்டு எனக்கு வெஞ்சனம் வைத்துச் சோறு போட்டாள்.

நேற்று முடியவில்லை அக்கா. அவள் அடுப்படியில் நின்றாள். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு, "பானு, கம்பியில ஒண்ணுமில்ல. ஒஞ் சந்தனத்துலயும் ஒண்ணுமில்ல. எனக்குத்தான் காது போச்சு. என்னைய மன்னிச்சிரு" என்று சொன்னேன். சத்தமாகச் சொன்னேனா, மெதுவாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரியாது. அவள் திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடி நின்று ஏதோ பதில் சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். தோள் குலுங்கியது தெரிந்தது. அழுதாளா, என்னைத் திட்டினாளா, போகட்டும் விடுங்கள் என்றாளா, ஒன்றும் தெரியவில்லை. திரும்பி நின்று இன்னொரு தடவை சொல் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

நீ உத்திரத்துக்கு வரும்போது அவளைத் தனியாக உட்காரவைத்துக் கேள். என்ன சொன்னாள் என்று எனக்கு ஒரு தாளில் எழுதிக் கொடு.

உன் தம்பி,
முகேஷ்குமார்